பெரிய சார் கொடுத்த கடைசி அனுமதி

போன மாதம் ஜெயராஜின் பேரன் வீட்டுக்கு வந்தான். எங்கள் 'கடைசி பெஞ்சு கலைக்குழு'வை இப்போது அவன்தான் நடத்துகிறான். உட்கார்ந்ததும் செல்போனை எடுத்து என் முன்னால் நீட்டினான். ஒருவருடைய குரல் கொஞ்ச நேரம் பதிவாகி இருந்தால் போதுமாம், அவர் செத்துப் போயிருந்தாலும் நாம் எழுதிக் கொடுப்பதை அதே குரலில் அது பேசுமாம். குழு ஆரம்பித்த கதையை மேடையில் சொல்லப் போகிறான். அதற்கு என்னுடைய பழைய கேசட் ஒன்று வேண்டும் என்றான். நான் மேடையில் பெரிய சார் குரலில் பேசிய கேசட்.

தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஏன் என்றாவது எழுதிக் கொடுங்கள், நிகழ்ச்சி மலரில் போடுகிறேன் என்றான். மலரில் போடுகிற விஷயமா இது என்று அவன் படித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

எனக்குத் தொழில் இரண்டு. சம்பளத்துக்குப் பார்த்தது தேனி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. முப்பத்து மூன்று வருஷம் காதில் மாட்டிய கருவியைக் கழற்றாமல், கம்பத்தையும் மதுரையையும் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தேன். சம்பளமில்லாமல் பார்த்தது பலகுரல். இரண்டிலும் முகம் தேவையில்லை. என் முகத்தைப் பார்த்தவர்கள் அதுவும் நல்லதுதான் என்பார்கள்.

உத்தமபாளையம் பக்கத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளி. பெயர் வேண்டாம். அறுபதுகளின் நடுவில் நானும் ஜெயராஜும் முத்தையாவும் அங்கே பத்தாவது படித்தோம். ஜெயராஜின் அப்பாவுக்குப் போடி பஜாரில் துணிக்கடை. இவன் உறவினர் வீட்டில் தங்கிப் படித்தான். சர்ச்சில் ஆர்மோனியம் கற்றுக்கொண்டவன். பள்ளிக்கூடத்துக்குப் பெட்டியைத் தூக்கிவர முடியாதே, அதனால் மூக்காலேயே ஆர்மோனியம் வாசிப்பான். முத்தையா அனுமந்தன்பட்டி விவசாய வீட்டுப் பையன். பெஞ்சு, டிபன் டப்பா, முன்னால் இருப்பவன் முதுகு, எது கிடைத்தாலும் அதில் தாளம் போடுவான். நான் வாத்தியார்கள் குரலில் பேசுவேன். மூன்று பேருக்கும் கடைசி பெஞ்சு.

ஒரு மழை நாளில் அறிவியல் சார் வரவில்லை. அன்றைக்கு 'கம்பம் டு தேனி பஸ் கதாகாலட்சேபம்' என்று ஒன்றைக் கிளப்பிவிட்டோம். பஸ் ஒவ்வொரு ஊரிலும் நிற்கும். நிற்கிற இடத்தில் ஒரு பாட்டு, ஏறுகிற ஆளுக்கு ஒரு குரல். வாழைத்தாரோடு ஏறுகிறவர், ஆட்டுக்குட்டிக்கு டிக்கெட் எடுக்க மறுக்கிற ஆத்தா, மலையிறங்கி வந்து பாதி மலையாளம் பேசுகிற ஏலக்காய்த் தரகர். கடைசியில் கண்டக்டர் குரல் யாருடையது என்று பார்த்தால் எங்கள் தலைமையாசிரியருடையது. வகுப்பே உருண்டு சிரித்தது. சிரிப்பு திடீரென்று நின்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன், ஜன்னலில் அவரே நின்றார்.

அவரை ஊரே பெரிய சார் என்றுதான் சொல்லும். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, தோளில் மடித்த துண்டு. பிரம்பு கிடையாது, திட்டமாட்டார். தப்பு செய்தவனை எதிரில் நிறுத்திவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். அரை மணி நேரத்தில் அவனாகவே அழுதுவிடுவான். வியாபாரி ஒருவர் பள்ளிக்கு மைக் செட் வாங்கிக் கொடுத்தபோது அதை மேடையில் வைக்க விடாமல் தன் அறையிலேயே வைத்துக்கொண்டார். காலைப் பிரேயரில் நாங்கள் மைதானத்தில் வரிசையில் நிற்போம். அவர் அறை ஜன்னலில் மூங்கில் தட்டி தொங்கும். தட்டிக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருக்கிற நிழல் மட்டும் தெரியும், குரல் மரத்தில் கட்டிய குழாயிலிருந்து வரும். மோதிர விரல் நகத்தால் மைக்கை இரண்டு தட்டு. பிறகு ஒரு செருமல். "கவனிக்க." அப்புறம் அறிவிப்புகள். முடிவில் "அவ்வளவுதான்." இத்தனையும் எனக்கு அத்துப்படி.

மறுநாள் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். வீட்டுக்கு டி.சி. போகப்போகிறது என்று நினைத்தேன். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "பேசு" என்றார். நான் அவர் குரலில் அவருக்கே அறிவிப்பு வாசித்தேன். குரல் நடுங்கவில்லை. அது என் திறமை, இல்லையென்றால் என் திமிர். கேட்டு முடித்து, கரகரத்த குரலில் ஒன்று சொன்னார்.

"எல்லாம் சரி. 'அவ்வளவுதான்' சொல்லிட்டு நீ மூச்ச வெளிய விடுறே. நான் உள்ள இழுப்பேன்."

அடித்திருந்தால்கூட அப்படி இருந்திருக்காது. தன் குரலைச் சட்டை போலக் கழற்றி, அளவு சரியாக இருக்கிறதா என்று என் மேல் போட்டுப் பார்த்த மாதிரி இருந்தது.

பத்து நாள் கழித்துக் காரணம் தெரிந்தது. அவருக்குத் தொண்டையில் ஏதோ பெரிய கோளாறு. யாருக்கும் தெரியாமல் மதுரைக்குப் போய்க் காட்டி வந்திருக்கிறார். குரல் காற்றாகிப் போயிருந்தது. ஓய்வுபெற இன்னும் ஆறு மாதம். பேச முடியாது என்று தெரிந்தால் நிர்வாகத்தில் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அவர்களுக்கு அந்த நாற்காலிக்கு வேறு ஆள் இருந்தது. ஆசிரியர்களிடம், டாக்டர் பேச்சைக் குறைக்கச் சொன்னதால் காலையில் மட்டும்தான் குரல் எடுப்பேன் என்று எழுதிக் காட்டிவிட்டார். அந்தக் காலைக் குரலுக்கு நான்.

முறையை அவரே வகுத்தார். தினமும் காலை ஏழு மணிக்கு ஆளில்லாத பள்ளிக்கூடத்துக்கு வந்து, முதல் வேலையாக அன்றைய அறிவிப்பைச் சீட்டில் எழுதி மைக் மேஜையில் வைத்து, பறக்காமல் இருக்க அதன் மேல் ஒரு கல்லைத் தூக்கி வைப்பார். ஒன்பது மணிக்குப் பியூன் சீனியப்பண்ணன் வந்து செட்டைப் போட்டுவிட்டு மணியடிக்கப் போவார். வால்வு செட், சூடேறக் கொஞ்ச நேரம் ஆகும். ஒன்பதரைக்கு நான் ஆய்வுக்கூடம் வழியாக உள்கதவைத் திறந்து போவேன். அவர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், எனக்கு முதுகுதான் தெரியும். நாற்காலிக் கையில் கிடக்கிற அவருடைய ஆள்காட்டி விரல் மேலே எழும்பும். எழும்பினால் நான் ஆரம்பிக்க வேண்டும். நான் 'அவ்வளவுதான்' சொல்லி மூச்சை உள்ளே இழுத்ததும் விரல் இறங்கும். சுவிட்சை அணைத்துவிட்டு வந்த வழியே போய், பிரேயருக்குத் தாமதமாக வந்தவன் என்று பெயர் கொடுத்து வரிசையின் கடைசியில் நிற்பேன்.

மூன்று மாதம் இப்படி நடந்தது. தெரிந்தவர்கள் மூன்று பேர்: அவர், நான், சீனியப்பண்ணன். ஜெயராஜிடமும் முத்தையாவிடமும் மூச்சு விடக்கூடாது என்பது உத்தரவு. பள்ளிக்கூடம் முழுக்கத் தலைகுனிந்து என் குரலைக் கேட்டது. பதினைந்து வயதில் அது எப்படிப்பட்ட போதை என்று இப்போது வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். சில நாள் வீட்டில் தம்பியை அதட்டும்போதுகூட அவர் குரல் வந்துவிடும். அம்மா பயந்துபோய்த் திருநீறு பூசிவிட்டாள்.

ஆண்டு விழா நெருங்கியது. நாங்கள் மூவரும் கலைக்குழு என்று பேர் வைத்து, பஸ் கதாகாலட்சேபம் நடத்த அனுமதி கேட்டு மனுக் கொடுத்திருந்தோம். பெரிய சார் பதில் சொல்லவில்லை. மனு அவர் மேஜையில் பேனாக் கூட்டுக்கு அடியில் கிடப்பதைத் தினமும் பார்ப்பேன். கேட்கத் தைரியம் இல்லை. ஜெயராஜ் வேறு, "சாருக்கு ஒன்னைத்தான பிடிக்கல, நாங்க ரெண்டு பேரும் தனியா கேட்டா குடுத்திருப்பாக" என்று குத்திக்கொண்டே இருந்தான்.

அந்த வெள்ளிக்கிழமை உள்கதவைத் திறந்து போனபோது எல்லாம் வழக்கம் போல இருந்தது. செட்டின் சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் முதுகு, கழுத்தில் சுற்றிய துண்டு, நாற்காலிக் கையில் கை. சீட்டின் மேல் கல்லை மட்டும் காணோம். நூலகப் புத்தகங்களைத் திங்களுக்குள் திருப்ப வேண்டும் என்று ஒன்று. ஏழாம் வகுப்புக்கு டிரில் இல்லை என்று இரண்டு. அதற்குக் கீழே 'மூன்றாவதாக' என்று எழுதியிருந்தது. அதன் பிறகு ஒன்றும் இல்லை.

விரல் எழும்பவில்லை. நின்று பார்த்தேன். வெளியே மணியடித்து ஓய்ந்துவிட்டது, பிள்ளைகள் வெயிலில் நிற்கிறார்கள். ஏதோ யோசனையில் இருக்கிறார் என்று நினைத்து நானாகவே நகத்தால் இரண்டு தட்டித் தொடங்கினேன். ஒன்று வாசித்தேன், இரண்டு வாசித்தேன். மூன்றாவதாக என்றும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நிறுத்த முடியாது. அந்த ஒரு நொடியில் எனக்குள் பேய் புகுந்துகொண்டது.

"மூன்றாவதாக, கடைசி பெஞ்சு கலைக்குழுவினர் ஆண்டு விழாவில் நிகழ்ச்சி நடத்த அனுமதிக்கப்படுகிறார்கள். அவ்வளவுதான்."

மூச்சை உள்ளே இழுத்தேன். இப்போது திரும்புவார், எரித்துவிடுவார் என்று நின்றேன். அவர் திரும்பவில்லை. மைதானத்தில் முத்தையா விசிலடிக்கிற சத்தம் கேட்டது. அவர் அசையாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். உள்ளூரச் சிரிக்கிறார் என்றுகூட நினைத்தேன். சுவிட்சை அணைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

இரண்டாம் பீரியடில் சீனியப்பண்ணன் அலறின சத்தம் கேட்டது. கையெழுத்து வாங்கப் போனவர் சாரைத் தொட்டிருக்கிறார்.

டாக்டர் வந்து பார்த்தபோது நான் தாழ்வாரக் கூட்டத்தில் நின்றேன். தாடை இறுகிவிட்டது, உயிர் போய் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது, எட்டு மணிக்கு முன்னாலேயே போயிருக்கும் என்றார் அவர். ஆசிரியர்கள் அவரை விசித்திரமாகப் பார்த்தார்கள். ஒன்பதரைக்கு மைக்கில் பேசினாரே, நாங்கள் எல்லோரும் கேட்டோமே, தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பேசியதைப் பார்த்தோமே என்றார்கள். ஒருவர் இருவரல்ல, ஊரே சாட்சி. டாக்டருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒன்பதரைக்குப் பிறகு என்றே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

சீனியப்பண்ணன் என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப் போனார்.

"ஏலே, நீ உள்ள போனப்ப சார் எப்படி இருந்தாக?"

"எப்பவும் போலத்தாண்ணே."

"செட்டப் போட ஒம்பது மணிக்கு நான் போனப்பவும் எப்பவும் போலத்தான் இருந்தாக. வணக்கம் சொல்லிட்டு வந்தேன்." அவர் கையைக் கிணற்று நீரில் மறுபடி மறுபடி கழுவினார். "செத்தவுகளப் பேச வச்சுட்டியேடா. இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும். வெளிய வந்தா எனக்கு வேல போயிரும், ஒனக்குப் படிப்புப் போயிரும்."

பெரிய சாரின் கடைசி உத்தரவு என்பதால் எங்கள் அனுமதியை யாரும் மறுக்கவில்லை. காரியம் முடிந்து, தள்ளிப்போன ஆண்டு விழாவில் நாங்கள் மேடையேறினோம். ஆசிரியர் ஒருவர் என் காதில், சார் குரலில் ஒரு வார்த்தை பேசித் தொடங்கு, அவர் ஆத்மா சந்தோஷப்படும் என்றார். நான் இரண்டு தட்டித் தொடங்கினேன். அழுதவர்கள் பாதி, கைதட்டினவர்கள் பாதி. எங்கள் குழு பிறந்த கதை இதுதான். மலரில் போடுகிற மாதிரியா இருக்கிறது?

படிப்பு முடிந்தது, ஆளுக்கொரு வேலைக்குப் போனோம். ஜெயராஜ் துணிக்கடையில் உட்கார்ந்தான், முத்தையா வயலுக்குப் போனான், நான் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தேன். ஆனால் திருவிழா, கல்யாணம் என்றால் கூடிவிடுவோம். போடி, கம்பம், தேவதானப்பட்டி, வைகை அணை ஊழியர் குடியிருப்பு என்று போகாத இடமில்லை. எங்கே போனாலும் முதல் உருப்படி பெரிய சார் அனுமதி கொடுப்பதுதான். அவரைத் தெரியாத ஊரிலும் அதற்குக் கைதட்டல் விழும். எனக்கு மட்டும், ஆரம்பிக்கும் முன் கண் தானாக ஒரு விரலைத் தேடும். வைகை அணையில் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், மேடைக்கு முதுகு காட்டித் திரும்பி, யாரிடமோ தண்ணீர் கேட்டு விரலைத் தூக்கினார். நான் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டேன். ஜெயராஜ் ஆர்மோனியத்தை இழுத்துச் சமாளித்தான்.

எக்ஸ்சேஞ்சிலும் அது என்னை விடவில்லை. எங்கள் சூப்பர்வைசர் நேரத்தைப் பார்த்துச் சுருக்கமாகப் பேசச் சொல்கிறவர். ஒரு மத்தியானம் லைன்கள் குவிந்து, தலைவலியோடு உட்கார்ந்திருந்தேன். மதுரைக்கு டிரங்க் கால் கேட்டவரிடம், "காத்திருக்கவும். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டேன். எதிர்முனையில் அவர் குரலைத் தணித்து, "சார்... நீங்களா?" என்றார். எங்கள் பள்ளியில் படித்த யாரோ. நான் லைனைத் துண்டித்துவிட்டேன். சூப்பர்வைசர் என்னய்யா என்று கேட்டதற்கு, லைன் கோளாறு என்றேன். அன்று சாயந்திரம் வரை நான் மூச்சை உள்ளே இழுக்கிறேனா வெளியே விடுகிறேனா என்றே கவனித்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் குழுவுக்கு ஒரு விழா எடுக்கலாம் என்று ஜெயராஜ் கிளம்பினான். பெரிய சார் வீட்டம்மா விசாலாட்சியம்மாளைக் குத்துவிளக்கேற்றக் கூப்பிடுவது அவன் யோசனை. பள்ளிக்குப் பின்னால் வாய்க்காலைத் தாண்டினால் அவர்கள் வீடு. போனவன் தொங்கின முகத்தோடு எக்ஸ்சேஞ்ச் வாசலுக்கு வந்தான்.

"காலையில போனேன். வாயத் தொறக்கல. சிலேட்ட எடுத்து, பத்து மணிக்கு மேல வாங்கன்னு எழுதிக் காட்டுனாக. உக்காந்து இருந்து பேசிட்டு வாரேன். பத்து மணி வரைக்கும் தெனமும் மௌனமாம்டா. சார் செத்ததுலருந்து."

என்ன வேண்டுதல் என்று கேட்டேன். வேண்டுதல் இல்லை, தண்டனை என்றான் அவன். அம்மாவே அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். சார் கடைசி மூன்று மாதம் வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. எது கேட்டாலும் சைகை, சீட்டு. ஆனால் தினமும் ஒன்பதரைக்குப் பள்ளிக்கூடக் குழாயிலிருந்து கணீரென்று அவர் குரல் வாய்க்காலைத் தாண்டி அடுப்படி வரைக்கும் வரும். ஊருக்குப் பேசுகிற தொண்டை எனக்கு மட்டும் அடைத்துக்கொள்கிறது, நான் என்ன பாவம் செய்தேன் என்று அந்த அம்மாள் தினமும் வெந்திருக்கிறார்கள். அந்த வெள்ளிக்கிழமை அவர் கிளம்பும்போது வாசலில் நின்று கையை அசைத்திருக்கிறார். போயிட்டு வாரேன் என்று வாயைத் திறந்து சொன்னால்தான் பதில் சொல்வேன் என்று இவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒன்பதரைக்குக் குரல் வந்தது. பையன்கள் கூத்தடிக்க அனுமதி கொடுத்தது. கேட்டதும் ஆத்திரம் தாங்காமல், அந்தத் தொண்டை இன்னியோட நின்னு போகட்டும் என்று அடுப்பைப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அடுத்த மணியில் ஆள் வந்து செய்தி சொன்னது.

"அவுக வாக்கு பலிச்சிருச்சாம். காலையில வாயத் தொறந்தா யாரையாச்சும் கொன்னுருவோம்னு பயப்படுறாக" என்றான் ஜெயராஜ். "நம்ம அனுமதியக் கேட்டுத்தான் அவுக சாபம் விட்டிருக்காக. நான் எந்த மொகத்த வச்சு வெளக்கேத்தக் கூப்பிடுறது?"

நான் அங்கேயே, எக்ஸ்சேஞ்ச் வாசலில் நின்றபடி, அவனிடம் உண்மையைச் சொன்னேன். அவன் என்னை அடிப்பான் என்று பார்த்தேன். அடிக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மூன்று மாதம் பேசவில்லை. அன்று சாயந்திரமே, ஓய்வுபெற்று வீட்டில் இருந்த சீனியப்பண்ணனைப் பார்க்கப் போனேன். விசாலாட்சியம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்றேன். "போ. நானும் கையக் கழுவிக்கிட்டே இருக்க முடியாது" என்றார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஒன்பது மணிக்கு அந்த வீட்டுக்குப் போனேன். பத்துக்கு மேல் போகலாம்தான். ஆனால் பத்து மணிக்குள் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கூடத்தில் சார் உட்கார்ந்த நாற்காலி, ஜன்னலைப் பார்த்தே கிடந்தது. விசாலாட்சியம்மாள் சிலேட்டில் எழுதப் போனார்கள். வேண்டாம்மா, நீங்கள் கேட்டால் போதும் என்று சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். மதுரை, தொண்டை, சீட்டு, விரல், மூன்றாவதாக. எதையும் குறைக்கவில்லை, என்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் இல்லை.

அவர்கள் நம்பவில்லை. முகத்தில் கோபம்கூட இல்லை, யாரோ ஆறுதலுக்குக் கதை கட்டுகிறான் என்ற அலுப்புத்தான். சிலேட்டில் ஒரே வார்த்தை எழுதினார்கள்: பேசு.

அவர் எனக்குச் சொன்ன அதே வார்த்தை. நான் மோதிர விரல் நகத்தால் மேஜையில் இரண்டு தட்டினேன். செருமினேன். கவனிக்க என்றேன். நூலகம், டிரில், மூன்றாவதாக, அவ்வளவுதான். மூச்சை உள்ளே இழுத்தேன். அந்த அம்மாள் என்னைப் பார்க்கவில்லை. எழுந்து நாற்காலிக்கு அருகில் போய், அதன் முன்பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்கள். எனக்கும் பார்க்க வேண்டும் போல இருந்தது. பயத்தில் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

திரும்பி வந்து சிலேட்டை அழித்து எழுதினார்கள்: எத்தனை மணிக்கு?

"எட்டு மணிக்கு முன்னாடியேம்மா. டாக்டர் அப்பவே சொன்னாரு. நான் பேசுனதாலதான் எல்லாரும் அவரு சொன்னது தப்புன்னாக. நீங்க ஒன்பதரைக்கு வஞ்சு சாபம் விட்டது சார் காதுல விழல. நீங்க வஞ்சது என்னைய. நான் இந்தா உசுரோட உக்காந்திருக்கேன்."

சிலேட்டு அவர்கள் மடியில் கிடந்தது. சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்கள் உதடு இரண்டு மூன்று தடவை பிரிந்து மூடியது. காலை நேரத்தில் அவர்கள் குரலை அதற்கு முன் யாரும் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. வந்தபோது அது துருப்பிடித்த கீல் மாதிரி வந்தது.

"அப்ப எங்கிட்டயும் அவுகளால பேச முடியலயா?"

"முடியலம்மா. காத்துத்தான் வந்துச்சு."

"எம் மேல கோவம் இல்லயா?"

"இல்லம்மா."

சத்தம் போட்டு அழவில்லை. கண்ணீர் மட்டும் நிற்காமல் வந்தது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்கள், அதில் கோபம் இருந்தது. இத்தனை வருஷமா கைதட்டு வாங்கிக்கிட்டு இருந்தியேடா என்று கேட்டார்கள். இனிமேல் அந்தக் குரலை யார் முன்னாலும் எடுக்கக்கூடாது என்றார்கள். சத்தியம் செய்து கொடுத்தேன். கேசட்டைத் தராததற்குக் காரணம் அந்தச் சத்தியம்தான், பேரப்பிள்ளை புரிந்துகொள்ளட்டும்.

எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். செருப்பு மாட்டும்போது கூப்பிட்டார்கள்.

"தம்பி. ஒரு தரம் மட்டும். கெளம்புறப்ப சொல்லுவாகள்ல, அத."

சார் வீட்டில் எப்படிப் பேசுவார் என்று எனக்குத் தெரியாது. மைக்கில் பேசுகிற குரல் மட்டும்தான் என்னிடம் இருந்தது. தட்டவில்லை, செருமவில்லை. குரலைத் தணித்து, அவர் கூப்பிடுவது இப்படித்தான் இருக்கும் என்று என் மனசுக்குப் பட்டபடி சொன்னேன்.

"விசாலம், போயிட்டு வாரேன்."

சொன்னதும் மூச்சு தானாக உள்ளே போயிற்று. அவர்கள் என்னைத் தாண்டி, வேலிப் படலுக்கு அப்பால் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வாய்க்கால் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போயிட்டு வாங்க" என்றார்கள்.

அப்போது மணி பத்தாக இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.